நீல மூடி, ஊதா மூடி

மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, காலை 9.17. ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி, ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டு. சுவர் டெலிபோன் அடித்தது.

நர்ஸ் எடுத்தாள்.

"பதினோராம் கட்டில் யாரு?" ரத்தப் பரிசோதனை லேப்பிலிருந்து ஒரு கரகரத்த குரல்.

"ஷூக்கடைக்காரர் சார். கால் விரல்ல சீழ். பதினோரு மணிக்கு ஆபரேஷன்."

"ஆபரேஷனா? பேனாவை எடும்மா. எழுதிக்க. பன்னிரண்டு செகண்டுல உறைய வேண்டிய ரத்தம்... ரெண்டு நிமிஷம் ஆகியும் உறையல!"

"என்ன சார் சொல்றீங்க?"

"நான் சொல்லல. மிஷின் சொல்லுது. கத்தி வெச்சா ரத்தம் நிக்காது. ஆள் காலி! டாக்டர்கிட்ட சொல்லிடு."

டக்!

நர்ஸ் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள். பதினோராம் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

அங்கே அறுபத்தொரு வயது ஷூக்கடைக்காரர் சாய்ந்து உட்கார்ந்து, எதிர்க் கட்டில்காரரின் செருப்பை விமர்சித்துக் கொண்டிருந்தார்.

"எந்தக் கடையில வாங்கினீங்க? தையல் பிரிஞ்சு பல்லைக் காட்டுது. நல்லா ஏமாத்தியிருக்கான்."

நாற்பது வருடமாக மற்றவர் காலை அளந்தவர். பதினாறு வருடமாகச் சர்க்கரை நோய். தன் ஷூவுக்குள் துருத்திய ஆணி பாதத்தில் ஏறி மூன்று நாள் ஆனதும், சாக்ஸில் ரத்தம் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கால் மரத்துப் போயிருந்தது. இப்போது இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. சிவப்பு, கணுக்காலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

டாக்டர் ஓடி வந்தாள். சர்ஜன். நெற்றியில் வியர்வை.

"மறுபடி ரத்தம் எடுங்க சிஸ்டர். உடனே!"

எடுத்தார்கள். அனுப்பினார்கள்.

9.58. மறுபடி டெலிபோன்.

அதே பதில்! இரண்டு நிமிடம் ஆகியும் உறையவில்லை!

டாக்டர் குடும்பத்தைக் கூப்பிட்டாள். வராந்தாவில் மூன்று பேர். நோயாளியின் மகள், அவள் கணவன், நோயாளியின் தம்பி.

"ஆபரேஷன் இப்போ பண்ண முடியாது," என்றாள் டாக்டர். "ரத்தம் உறைய மாட்டேங்குது."

"உறையலைன்னா..." மகள் புரியாமல் விழித்தாள்.

"வெட்டினா நிக்காது. ஏன்னு தெரியல. வழக்கமா இந்த மாதிரி காலுக்கு நேர்மாறா நடக்கும். சர்க்கரையும் சீழும் சேர்ந்தா ரத்தம் சீக்கிரமா கட்டிக்கும். அதைத் தடுக்கத்தான் இவருக்கு தினமும் வயித்துல ஊசி போடறோம். அது சின்ன டோஸ். அதனால இப்படி ஆகாது. எனக்கே..."

"எலி மருந்து!"

கத்தினது தம்பி!

ஐம்பத்து மூன்று வயது. சட்டைப் பையில் இரண்டு பேனா. அண்ணன் கடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை. அவர் கை நீண்டு, மகளின் கணவனைச் சுட்டியது.

"டாக்டரம்மா! எங்க அண்ணனுக்கு எலி மருந்து வெச்சுட்டான் இவன்! போன வாரம் இவன்தான் வாங்கினான். வண்டிப் பெட்டியில இன்னும் இருக்கும், பாருங்க!"

"சின்ன மாமா!" மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. "நீங்கதானே வாங்கிட்டு வரச் சொன்னீங்க? கடையில எலி தோலைக் கடிக்குதுன்னு..."

"நான் சொன்னது எலிக்கு. அண்ணனுக்கு இல்ல!"

"சித்தப்பா, வாயை மூடுங்க!" மகள் அலறினாள். வார்டில் எல்லாத் தலையும் திரும்பியது.

டாக்டர் மெல்ல மூச்சை இழுத்தாள். எலி மருந்து... ஆமாம். அந்த வகை விஷத்தின் வேலையே அதுதான். எலிக்கு உள்ளுக்குள் ரத்தம் உறையாமல் செய்து கொல்வது.

அவள் போலீசுக்கு போன் செய்தாள்.

* * *

10.25.

இன்ஸ்பெக்டர் வந்தாள். கூட ஒரு கான்ஸ்டபிள். இன்ஸ்பெக்டருக்கு உருண்டையான முகம், உறங்குவது போன்ற கண்கள். அந்தக் கண்களை நம்பி மோசம் போனவர்கள் பலர் உள்ளே இருக்கிறார்கள்.

கான்ஸ்டபிள் கீழே போய் வந்தான். மாப்பிள்ளையின் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து ஒரு பாக்கெட். பச்சை நிற வில்லைகள். வாய் பிரிக்கப்பட்டிருந்தது!

"யார் பிரிச்சது?"

"தெரியாது மேடம். வாங்கி சின்ன மாமாகிட்ட குடுத்தேன். அவர் கொஞ்சம் எடுத்துக்கிட்டு, மீதியை வீட்டுக்கு வெச்சுக்கன்னு திருப்பித் தந்தார்."

"பொய்! நான் அதைத் தொடவே இல்ல!" தம்பி பாய்ந்தார். "மேடம், தினமும் அண்ணனுக்கு ஓட்ஸ் கஞ்சி கொண்டு வர்றது இவன்தான்."

"கஞ்சி போடறது?"

"நான்," என்றாள் மகள். "ஃப்ளாஸ்க்ல ஊத்தி இவர்கிட்ட குடுப்பேன். இவர் வழியில கடைக்குப் போய், ஷட்டரைத் தூக்கிட்டு இங்க வருவார். அது பழைய ஷட்டர். ரெண்டு ஆள் வேணும்."

"ரெண்டாவது ஆள்?"

"சித்தப்பா."

இன்ஸ்பெக்டர் நோட்டில் எதையோ எழுதினாள். "அப்பா கஞ்சியைக் குடிக்கிறாரா?"

"நாலு நாளா ஒரு சொட்டு விடாம குடிக்கிறார். ஃப்ளாஸ்க் காலியாத்தான் வரும்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு ஆபரேஷன்னு வெறும் வயிறு. முடிஞ்சதும் குடிக்கலாம்னு இவர் கொண்டு வந்து வெச்சிருக்கார்."

மாப்பிள்ளையைக் கட்டுப் போடும் அறையில் உட்காரவைத்து, வாசலில் கான்ஸ்டபிளை நிறுத்தினாள் இன்ஸ்பெக்டர். மகள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே கணவன். இந்தப் பக்கம் அப்பா.

"டாக்டர், எவ்வளவு நேரம் இருக்கு?"

"சாயங்காலம் வரைக்கும். அதுக்குள்ள அந்த ரெண்டு விரலை எடுக்கலைன்னா, ராத்திரி முழங்காலுக்குக் கீழே எடுக்கணும். உறையாத ரத்தத்தோட எடுத்தா..."

"எடுத்தா?"

"கால் போகும். ஆளும் போகலாம்."

இன்ஸ்பெக்டர் பதினோராம் கட்டிலுக்குப் போனாள்.

"வணக்கம் ஐயா. உங்களுக்கு விஷம் வெச்சிருக்காங்கன்னு சொல்றாங்க."

"யாரு, மாப்பிள்ளையா?" ஷூக்கடைக்காரர் சிரித்தார். "அவன் செருப்பு விக்கும்போதே 'மன்னிச்சுக்குங்க, விலை கொஞ்சம் அதிகம்'னு சொல்ற ஆள். அவன் எங்க விஷம் வைக்கப் போறான்?"

"தம்பி சொல்றாரே?"

சிரிப்பு சட்டென்று நின்றது. "வர்ற திங்கக்கிழமை கடையை மாப்பிள்ளை பேருக்கு எழுதறதா இருந்தேன். தம்பிக்கு அதுல வருத்தம். அதுக்காகச் சொல்றான், பாவம்."

இன்ஸ்பெக்டரின் உறக்கக் கண்கள் அவர் தாடையில் நின்றன. ஒரு சின்னக் கீறல். கடுகளவு காய்ந்த ரத்தம்.

"இது எப்போ?"

"காலைல ஷேவ் பண்ணப்போ. மயக்க மருந்து குடுக்கிறவங்க முன்னாடி லட்சணமா இருக்கலாம்னு..."

"ரத்தம் நின்னுதா?"

"துண்டு எடுக்கறதுக்குள்ள நின்னுடுச்சும்மா."

இன்ஸ்பெக்டர் திரும்பி டாக்டரைப் பார்த்தாள். டாக்டரும் அந்தக் கீறலைப் பார்த்தாள்.

இரண்டு நிமிடத்தில் உறையாத ரத்தம்... துண்டு எடுப்பதற்குள் நின்றுவிட்டது!

"ஊசி குத்தின இடம்?"

டாக்டர் சட்டையை ஒதுக்கி வயிற்றைப் பார்த்தாள். கையைத் திருப்பினாள். ஈறை விலக்கினாள்.

"எங்கேயும் கசிவு இல்ல. கிருமி முத்திப் போனா, சில பேருக்கு உறையற சத்தெல்லாம் தீர்ந்துபோய் ரத்தம் நிக்காமப் போறது உண்டு. ஆனா அப்போ ஈறு, ஊசி குத்தின இடம்னு எல்லாம் கசியும். இவருக்கு ஒண்ணுமே இல்ல."

"ரிப்போர்ட் ஒண்ணு சொல்லுது. ஆள் ஒண்ணு சொல்றார். ரெண்டுல ஒண்ணு பொய்." இன்ஸ்பெக்டர் நர்ஸ் பக்கம் திரும்பினாள். "ரெண்டு தடவையும் ரத்தம் எடுத்தது யாரு?"

"நா... நான்தான் மேடம்."

"லேப்புக்குக் கொண்டு போனது?"

"அதுவும் நான்தான்."

நர்ஸின் உதடு நடுங்கியது. ஏன் நடுங்குகிறது?

"மூணாவது தடவை எடுங்க சிஸ்டர். என் கண் முன்னால. எப்படி எடுத்தீங்களோ... அப்படியே."

நர்ஸ் தட்டைக் கொண்டு வந்தாள். ஒரு சிரிஞ்ச். இரண்டு சின்னக் குழாய்கள். ஒன்றுக்கு ஊதா மூடி. ஒன்றுக்கு நீல மூடி.

ஊசி ஏறியது. ரத்தம் வந்தது. கறுப்பாக, மெதுவாக...

"பாருங்க மேடம், இவர் ரத்தம் சிரிஞ்சுக்குள்ளயே கட்டிக்குது. மூணு தடவையும் இதே ரோதனை."

ஊதா மூடிக் குழாய் நிறைந்தது. நீல மூடிக் குழாய் பாதி வந்ததும் சிரிஞ்ச் அடைத்துக்கொண்டது. குழாயின் மேல் ஒரு கோடு. ரத்தம் அந்தக் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது.

நர்ஸ் ஊதா மூடியைத் திறந்தாள். புது சிரிஞ்ச் ஒன்றால் அதிலிருந்து கொஞ்சம் உறிஞ்சினாள். நீல மூடிக் குழாயில் ஊற்றினாள். கோடு வரை. மூடினாள். அழகாக லேபிள் ஒட்டினாள்.

"சிஸ்டர்!"

டாக்டரின் குரலில் வார்டே அதிர்ந்தது.

"என்ன பண்ணீங்க இப்போ?"

"கோ... கோடு வரைக்கும் நிரப்பினேன் டாக்டர்."

"யார் சொல்லி?" இன்ஸ்பெக்டரின் குரல் கத்தி போல் இறங்கியது. "யார் உங்களை இப்படிப் பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லல!" நர்ஸ் அழுதுவிட்டாள். "கோடு வரைக்கும் இல்லைன்னா லேப்காரர் ட்யூபைத் திருப்பி அனுப்பிடுவார் மேடம். 'கோட்டைத் தொடாதது குப்பைத் தொட்டிக்கு'ன்னு கத்துவார். பெரியவரை எத்தனை தடவைதான் குத்தறது? ரெண்டுமே இவர் ரத்தம்தானேன்னு..."

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"மேடம், நீல மூடிக்குள்ள இருக்கற மருந்து ரத்தத்தைச் சும்மா நிறுத்தி வைக்கும். லேப்ல கால்சியம் சேர்த்தா மறுபடி உறைய ஆரம்பிக்கும். எத்தனை செகண்டுல உறையுதுன்னு பார்ப்பாங்க. ஆனா ஊதா மூடிக்குள்ள இருக்கறது முரட்டு மருந்து! கால்சியத்தைப் புடிச்சா விடாது. அந்த ரத்தத்தை இதுல கலந்தா..."

"உறையாது?"

"விடிய விடிய வெச்சாலும் உறையாது!"

டாக்டரே ஊசியை எடுத்தாள். தொடையில் பெரிய ரத்தக்குழாய். நீல மூடிக் குழாயை முதலில் நிரப்பினாள். கோடு வரை. லேப்புக்கு அவளே நடந்தாள்.

12.40.

டாக்டர் படியேறி வந்தாள். மூச்சிரைத்தது.

"பத்தரை செகண்ட்! சாதாரண ஆளை விட வேகம். உறையறதுல இவர் அவசரக்காரர்!"

"அப்போ விஷம்...?"

"ரத்தத்துல அதுக்கு அடையாளமே இல்ல. மூணு மணிக்கு ஆபரேஷன்."

மகள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கான்ஸ்டபிள் கட்டுப் போடும் அறையைத் திறந்துவிட்டான். மாப்பிள்ளை வெளியே வந்தான். அழுதிருந்தான்.

தம்பி ஓடிப் போய் அவன் கையைப் பிடித்தார்.

"மன்னிச்சுக்கோ மாப்ள. அண்ணன் மேல உள்ள பாசத்துல வாய் தவறிடுச்சு. ரிப்போர்ட் அப்படி வந்தா யாருக்குத்தான் சந்தேகம் வராது?"

"பரவாயில்ல சின்ன மாமா."

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினாள். தொப்பியை எடுத்தாள். கதவு வரை போனாள்.

நின்றாள்.

திரும்பினாள்!

"ஒரே ஒரு சந்தேகம். சின்னதுதான்."

"கேளுங்க மேடம்," என்றார் தம்பி.

"ரத்தம் உறையலைன்னு டாக்டர் சொன்னாங்க. அவங்களே குழம்பிட்டாங்க. நர்ஸ் குழம்பிட்டாங்க. மகளுக்கு அர்த்தமே புரியல. உங்களுக்கு மட்டும் சட்டுனு எலி மருந்து ஞாபகம் வந்துச்சு. எப்படி?"

"அது... எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

"எனக்குத் தெரியாதே! பத்தொன்பது வருஷ சர்வீஸ். எலி மருந்துன்னா வாந்தி, வயித்து வலின்னுதான் நினைச்சுட்டிருந்தேன். சில எலி மருந்து ரத்தத்தைக் கெடுக்கும்னு இன்னைக்கு டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சுது."

"பாக்கெட்ல போட்டிருக்கு மேடம். பின்பக்கம், பொடி எழுத்துல. படிச்சேன்."

"அந்த பாக்கெட்டைத் தொடவே இல்லைன்னு காலைல சொன்னீங்க."



தம்பி ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"மேடம், அதான் விஷமே இல்லைன்னு ஆயிடுச்சே! ரிப்போர்ட்டே தப்பு!"

"ஆமா. தப்பான ரிப்போர்ட்தான். அது எல்லாருக்கும் ஆச்சரியமா இருந்துச்சு. உங்க ஒருத்தரைத் தவிர. ஏன்னா அது தப்புன்னு உங்களுக்குத் தோணவே இல்ல. நீங்க எதிர்பார்த்துட்டிருந்த ரிப்போர்ட் அது!"

"சித்தப்பா..." மகள் எழுந்து நின்றாள்.

இன்ஸ்பெக்டர் பதினோராம் கட்டிலுக்கு நடந்தாள். பின்னால் எல்லோரும். தம்பியின் பின்னால் கான்ஸ்டபிள்.

கட்டிலருகே அலமாரி மேல் ஃப்ளாஸ்க் இருந்தது. இன்ஸ்பெக்டர் திறந்து, ஒரு டம்ளரில் ஊற்றினாள். கஞ்சி. லேசாக ஆவி பறந்தது.

"காலையிலேர்ந்து இவர் ஒண்ணும் சாப்பிடல. பாவம்." டம்ளரைத் தம்பியிடம் நீட்டினாள். "நீங்களும்தான். ஒரு வாய் குடிங்க."

"எனக்கு... ஓட்ஸ் பிடிக்காது."

"ஒரு வாய்தானே?"

"குடுங்க மேடம், நான் குடிக்கிறேன்!" மாப்பிள்ளை டம்ளரைப் பிடுங்கினான். "என் பெண்டாட்டி போட்ட கஞ்சி. இதுல என்ன பயம்?"

உதட்டருகே போன டம்ளரை இன்ஸ்பெக்டர் தட்டிவிட்டாள். அது தரையில் உருண்டது. பிறகு ஃப்ளாஸ்க்கை அப்படியே ஒரு வெள்ளை பீங்கான் தட்டில் கவிழ்த்தாள்.

அடியில் தேங்கியிருந்த கஞ்சி வந்து விழுந்தது.

பச்சையாக!

கரையாத இரண்டு வில்லைத் துண்டுகளும் இருந்தன.

"நான் பச்சையா எதுவுமே போடலையே!" மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தினமும் காலைல மாப்பிள்ளை குனிஞ்சு ஷட்டர் பூட்டைத் திறப்பார். ஃப்ளாஸ்க் ஸ்கூட்டர் மேல இருக்கும். வில்லையை உள்ள போட எத்தனை செகண்ட் ஆகும்? பத்தரை?" இன்ஸ்பெக்டர் தம்பியைப் பார்த்தாள். "ஆபரேஷன் மேஜையில ரத்தம் நிக்காம அண்ணன் போயிடுவார், பழி சர்க்கரை மேல விழும்னு நினைச்சீங்க. ஆபரேஷனுக்கு முன்னால ரத்தத்தை சோதிப்பாங்கன்னு தெரியாது. ரிப்போர்ட் வந்ததும் மாட்டிக்கிட்டோம்னு பயந்து, பழியை மாப்பிள்ளை தலையில தள்ளினீங்க."

தம்பி அண்ணனைப் பார்த்தார். பிறகு தரையை.

"இருபத்திரண்டு வருஷம்," என்றார். "அந்தக் கடையில கண்டவன் கால்ல மண்டி போட்டு செருப்பு மாட்டிவிட்டது நான். போன வருஷம் வந்தவனுக்குக் கடையா, அண்ணே?"

ஷூக்கடைக்காரர் தன் கறுத்த விரல்களைப் பார்த்தார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா," என்றார்.

கான்ஸ்டபிள் தம்பியை அழைத்துப் போனான். பேனாக்களில் ஒன்று கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

டாக்டர்தான் முதலில் விழித்துக்கொண்டாள்.

"இருங்க! இன்னைக்கு மட்டும்னா சரி. நாலு நாளா போட்டிருந்தா? ஒரு சொட்டு விடாம குடிச்சிருக்காரே! ரத்தம் எப்படி நல்லா இருக்கு?"

எல்லோரும் ஷூக்கடைக்காரரைப் பார்த்தார்கள்.

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"அப்பா?"

அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

"அப்பா! கஞ்சியைக் குடிச்சீங்களா, இல்லையா?"

"அதை மனுஷன் குடிப்பானாம்மா? உப்பும் இல்ல, இனிப்பும் இல்ல. தினமும் நொண்டி நொண்டிப் போய் வாஷ் பேசின்ல ஊத்திடுவேன்."

"அப்போ நாலு நாளா என்னத்தைச் சாப்பிட்டீங்க?"

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையணையைத் தூக்கினாள். கீழே நான்கு பேப்பர் உறைகள், மடித்து அடுக்கி. கேன்டீன் முத்திரை. உள்ளே ஒட்டிக்கொண்டு வெள்ளை க்ரீம்.

"க்ரீம் பன்!" நர்ஸின் அழுகை கோபமாக மாறியது. "அதான் வெறும் கஞ்சி குடிக்கிறவருக்கு சுகர் முந்நூத்திப் பன்னிரண்டு! நான் இன்சுலின் மருந்தைச் சந்தேகப்பட்டேன்!"

"சிஸ்டர், நீங்க ட்யூபை மாத்தி ஊத்தினீங்க. நான் கஞ்சியை மாத்தி ஊத்தினேன். நமக்குள்ள எதுக்கு?"

* * *

அறுவை சிகிச்சை 3.05க்குத் தொடங்கி 3.50க்கு முடிந்தது. இரண்டு விரல்கள் அகற்றப்பட்டன. பாதம் தப்பியது. ரத்த இழப்பு நாற்பது மில்லி. வெள்ளிக்கிழமை வந்த ரசாயன அறிக்கை ஃப்ளாஸ்க்கில் எலி மருந்து இருந்ததை உறுதி செய்தது. தம்பி காவலில் வைக்கப்பட்டார். நர்ஸிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் போனது. 'கோட்டைத் தொடாத குழாயை நிரப்ப வேண்டாம், புதிதாக எடுக்கவும்' என்று லேப் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது.

சனிக்கிழமை காலை, கட்டுப் பிரிக்க வந்த டாக்டரிடம் ஷூக்கடைக்காரர் கேட்டார்.

"டாக்டரம்மா, இனிப்பு சாப்பிட்டா உயிர் போயிடும்னு பதினாறு வருஷமா சொல்றீங்க. சாப்பிட்டதாலதான் உயிரே தங்கியிருக்கு. தினமும் ஒரு க்ரீம் பன்னுன்னு மருந்துச் சீட்டுல எழுதிடுங்களேன்?"

எழுதப்படவில்லை.